சார்ஜ் நிற்கும் நேரம்: செல்போன் பேட்டரியின் கதை

கையில் எடுத்துப் போகும் தொலைபேசியாக முதன்முதலில் கடைக்கு வந்த மோட்டோரோலா டைனாடேக் 8000எக்ஸ், முழு சார்ஜில் அரை மணி நேரம் பேசத் தாங்கியது. அந்த அரை மணி நேரத்துக்காக அதைப் பத்து மணி நேரம் சார்ஜரில் போட்டுவைக்க வேண்டும். 1983-இல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் அதற்கு அனுமதி தந்தது. விலை 3,995 டாலர். எடை முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1973 ஏப்ரல் 3 அன்று, நியூயார்க் தெருவில் நின்று முதல் அழைப்பைச் செய்த பொறியாளர் மார்ட்டின் கூப்பரின் கையிலிருந்த மாதிரிக் கருவி ஒரு கிலோவையும் தாண்டியது. அவ்வளவு கனத்தை அதிக நேரம் காதோரம் பிடித்திருக்க யாராலும் முடியாது, அதனால் பேட்டரி சீக்கிரம் தீர்வது ஒரு குறையாகவே தெரியவில்லை என்று கூப்பர் பின்னாளில் கேலியாகச் சொன்னதுண்டு.

கேலி ஒருபுறம் இருக்க, சார்ஜ் நிற்பதில்லை என்ற புகார் செல்போனோடு கூடப் பிறந்தது. பேட்டரியின் கொள்ளளவு பலமடங்கு கூடிய பிறகும் அது ஓயவில்லை. கூடிய மின்சாரத்தை ஒவ்வொரு தலைமுறை போனும் புதிதாக ஏதோ ஒன்றுக்குச் செலவழித்தது ஒரு காரணம். பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள் மாறிய பிறகும், பழைய பொருளுக்குச் சரியாக இருந்த பழக்கங்களை மக்கள் விடாமல் பிடித்துக்கொண்டது இன்னொரு காரணம்.

அந்தப் பழக்கங்கள் நிக்கல்-காட்மியம் பேட்டரியிலிருந்து வந்தவை. ஸ்வீடன் நாட்டவரான வால்டெமார் யுங்னர் 1899-இல் உருவாக்கிய இந்த வகைதான் ஆரம்பகால கைப்பேசிகளில் இருந்தது. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட் மட்டுமே கிடைக்கும் என்பதால் பல செல்களை அடுக்கித்தான் ஒரு போனை ஓட்ட முடிந்தது. கனத்துக்கு அதுவே காரணம். இதற்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு. பாதி தீர்ந்ததும் சார்ஜ் போட்டு, மறுபடி பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே வந்தால், நாளடைவில் அந்தப் பாதியையே தன் எல்லையாக எடுத்துக்கொண்டு அங்கேயே மின்னழுத்தம் சரிந்துவிடும். செயற்கைக்கோள்களில்தான் இது முதலில் தெளிவாகக் கவனிக்கப்பட்டது. பூமியின் நிழலுக்குள் போகும்போதெல்லாம் அவற்றின் பேட்டரி ஏறக்குறைய ஒரே அளவு செலவாகி, வெளியே வந்ததும் நிரம்பும். இந்த மாறாத சுழற்சிதான் அதைக் கெடுத்தது. தரையில் போனை வைத்திருப்பவர் அவ்வளவு ஒழுங்காக எதையும் செய்வதில்லை. இருந்தாலும் ‘முழுசாகத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்’ என்ற விதி எல்லோர் மனதிலும் பதிந்தது. அந்த வேதியியலுக்கு அது நியாயமான விதியும்கூட.

காட்மியம் நச்சு உலோகம் என்பதால் 1990-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு அதன் இடத்தைப் பிடித்தது. 2000-இல் வெளியாகி இன்றும் கேலிப் படங்களில் உடையாத போனாக உலவும் நோக்கியா 3310-உடன் வந்தது இந்த வகைதான். புதுப் போன் வாங்கியவரிடம் ‘ஆன் பண்ணாமல் எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்கள், அப்புறம்தான் சிம் போட வேண்டும்’ என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியது அந்தக் காலத்து அறிவுரை. நிக்கல் பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலே சார்ஜை இழந்துவிடும் என்பதால் அந்தப் பேச்சில் பொருள் இருந்தது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து அன்றைய முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அழைப்பவருக்கும் காசு, எடுப்பவருக்கும் காசு என்ற அந்தக் காலத்தில் பேட்டரி தீரும் அளவுக்குப் பேசியவர் குறைவு. மணியடித்துவிட்டு வைத்துவிடும் மிஸ்டு கால், பணத்தோடு சார்ஜையும் மிச்சப்படுத்தியது. சும்மா இருக்கும் போன் டவரின் அறிவிப்புக்காக அவ்வப்போது ஒரு கணம் விழித்துக் கேட்டுவிட்டு மறுபடி உறங்கும். அதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். பேசும்போது டவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பலத்தோடு போன் அலையை அனுப்ப வேண்டும். அதனால்தான் ரயிலில் போகும்போதும் சிக்னல் ஒற்றைக் கோடாக நிற்கும் ஊரிலும் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. ஸ்மார்ட்போனிலும் இது மாறவில்லை.

லித்தியத்தின் கதை விபத்தில் தொடங்குகிறது. உலோகங்களிலேயே எடை குறைந்தது அது. எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது. ஈரம் பட்டால் தீப்பிடிக்கக்கூடியது. 1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் உலோகத்தையும் டைட்டானியம் டைசல்ஃபைடையும் கொண்டு, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியை உருவாக்கினார். சார்ஜ் ஏற ஏற லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்முனையைத் தொட்டு ஷார்ட் ஆனது. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் லித்தியம் உலோக பேட்டரியைத் துணிந்து சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் செல்போன் ஒன்று தீப்பிடித்ததும் 1989-இல் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, நிறுவனமே நொடித்துப்போனது.

தீர்வு வேறு வழியில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் 1980-இல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைக்குத் தந்தார். அசாஹி கசேய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ 1985-இல் எதிர்முனையிலிருந்து லித்தியம் உலோகத்தையே எடுத்துவிட்டு, அங்கே கார்பன் பொருளை வைத்தார். அதற்குப் பிறகு பேட்டரிக்குள் உலோகமாக லித்தியம் கிடையாது. அயனிகள் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வந்தன. சோனி 1991-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97.

ஒரு லித்தியம்-அயன் செல் தரும் அழுத்தம் சுமார் 3.7 வோல்ட். மூன்று நிக்கல் செல் செய்த வேலையை ஒன்றே செய்தது. போன் மெலிந்தது. ஆனால் இதன் குணம் நிக்கலுக்கு நேர் எதிர். இதற்குப் பழைய எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை. முழுவதும் தீர விடுவதுதான் இதற்குக் கேடு. நூறு விழுக்காட்டில் நெடுநேரம் நிறுத்திவைப்பதும் கேடு. சூடு இரண்டையும்விடப் பெரிய கேடு. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வதே இதற்கு உகந்தது. வேதியியல் மாறி முப்பது ஆண்டுக்கு மேலாகியும், புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லும் குரல்கள் ஓய்ந்தபாடில்லை. அதைக் கேட்டு நடப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம், ‘சுத்தமாக ஆஃப் ஆன பிறகு போடு’ என்பதைக் கேட்டு நடப்பவருக்குத்தான்.

இந்தியாவில் லித்தியம் பேட்டரியைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது 2003-இல் வந்த நோக்கியா 1100. அதன் தலையில் ஒரு டார்ச். முதுகில் பிஎல்-5சி என்ற 850 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. அழைப்பு எதுவும் இல்லாமல் 400 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் சொன்னது. உலகம் முழுதும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்த போன்கள் நாடெங்கும் போயின. மறு ஆண்டு ஆகஸ்டில் ஒரு பதற்றம்: மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. பேட்டரியின் பின்புறம் அச்சிட்டிருந்த 26 எழுத்து அடையாள எண்ணைப் படிக்க, இந்திய நகரங்களின் சேவை மையங்களில் கூட்டம் நெரிந்தது.

பிஎல்-5சி அந்தப் பதற்றத்தையும் தாண்டி வாழ்ந்தது. சீன ரேடியோக்கள், கையடக்கப் பாட்டுப் பெட்டிகள், டார்ச் விளக்குகள் எல்லாம் அதே அளவுப் பள்ளத்தோடு வந்தன. எந்த ஊர் செல்போன் கடையிலும் அது கிடைத்தது. அதைத் தனியாக சார்ஜ் செய்ய ஒரு கருவியும் கூடவே புழங்கியது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த கவ்வி. உள்ளே இடம் வலமாக நகர்த்தக்கூடிய இரண்டு உலோக ஊசிகள். பின்னால் சுவர்ச் செருகி. பேட்டரியின் விளிம்பிலுள்ள மூன்று தங்க நிறப் பட்டைகளில் ஓரத்து இரண்டின்மேல் ஊசிகள் உட்கார வேண்டும். நடுப் பட்டை, பேட்டரி எந்த வகை என்று போனுக்குச் சொல்வதற்கானது; இந்தப் பெட்டி அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஊசி சரியாகத் தொட்டால் வண்ண விளக்கு சிமிட்டும். எந்தப் பேட்டரியையும் ஏற்றிக்கொள்ளும் அதன் தாராளம் ஆபத்தானதுதான். ஆனால் சார்ஜர் பின் உடைந்த போனையும் சார்ஜிங் துளை கெட்ட போனையும் அது வாழவைத்தது. கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தீர்ந்ததைக் கழற்றி நிரம்பியதைப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் அதனாலேயே சாத்தியமானது.

பழைய பேட்டரியை மேசைமேல் வைத்து விரலால் சுண்டிப் பார்ப்பது ரிப்பேர் கடைகளின் சோதனை. நல்ல பேட்டரி நகர்ந்து நின்றுவிடும். உப்பிய பேட்டரி பம்பரம் போலச் சுழலும். உள்ளே சிதைந்த திரவம் வாயுவாகி நடுப்பகுதியைத் தூக்கிவிடுவதால் அது ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. கருவி எதுவும் தேவைப்படாத, பெரும்பாலும் பொய்க்காத சோதனை.

தமிழ்நாட்டில் அந்த ஆண்டுகளின் சார்ஜ் பழக்கத்தை மின்வெட்டு தீர்மானித்தது. 2008 வாக்கில் தொடங்கிய பற்றாக்குறை 2012-இல் உச்சத்துக்குப் போய், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. கரண்ட் வந்ததும் முதல் வேலை போனைச் சொருகுவது. இரண்டாவதுதான் மோட்டார் போடுவது. ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகும் மின்சாரத்தில் பேட்டரி ஒருபோதும் நிரம்பாது, ஒருபோதும் முழுசாகத் தீராது. லித்தியம்-அயனுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை அமையாது என்பது அந்தக் காலத்தின் சிறு முரண்.

இதற்குள் போனே வேறாகிவிட்டது. 2007-இல் வந்த ஐபோனில் 1,400 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. நோக்கியா 1100-ஐவிட அது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனாலும் ஒரு நாள் தாங்கினால் பெரிது. வித்தியாசம் திரையில். சின்னக் கறுப்பு-வெள்ளைத் திரை வெளிச்சமில்லாமலும் தெரிந்தது. வண்ணத் தொடுதிரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அதோடு இணையம் வந்தது. மின்னஞ்சலும் அரட்டையும் செயலிகளும் நிமிடத்துக்கு ஒருமுறை போனை உறக்கத்திலிருந்து எழுப்பின. நெட்வொர்க் வேகம் ஒரு படி ஏறும்போதெல்லாம் பேட்டரி ஒரு படி இறங்கியது. 2011-இல் அமெரிக்காவில் 4ஜி வேகத்தோடு வந்த எச்டிசி தண்டர்போல்ட், வேகத்துக்காகப் பேசப்பட்டதைவிட சார்ஜ் தீர்ந்ததற்காகவே அதிகம் பேசப்பட்டது.

போனைத் தடிமனாக்கிப் பெரிய பேட்டரி வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. 2012-இல் மோட்டோரோலா அதைச் செய்தும் காட்டியது: 7.1 மில்லிமீட்டர் ரேஸர் போனை ஏறக்குறைய 9 மில்லிமீட்டராக்கி, 1,780-க்குப் பதில் 3,300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியோடு ரேஸர் மேக்ஸ் என்று விற்றது. இரண்டு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய இரு மடங்கு. போட்டி நிறுவனங்கள் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளாமல் இன்னும் சில ஆண்டுகள் மெலிவிலேயே போட்டி போட்டன. வாங்குபவர் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது தடிமனைத்தான். சார்ஜ் தெரிவது அடுத்த நாள் சாயங்காலம்.

நடுவில் விழுந்த இடைவெளியை மக்கள் தங்கள் வழியில் நிரப்பினார்கள். பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொல்லும் ‘டாஸ்க் கில்லர்’கள் ஆண்ட்ராய்டில் ஒரு காலத்தில் எல்லோர் போனிலும் இருந்தன. கொன்ற செயலியை மறுபடி எழுப்ப இன்னும் அதிக மின்சாரம் ஆகும் என்பதால் அவற்றால் நன்மையைவிடத் தீமையே அதிகம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் மென்பொருள் தலைவர்களும் 2016-இல் இதை வெளிப்படையாகச் சொன்ன பிறகும் திரையை மேலே தள்ளித் தள்ளிச் செயலிகளை மூடும் விரல் நிற்கவில்லை. உண்மையான மாற்றம் இயங்குதளத்துக்குள் நடந்தது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த டோஸ் வசதி, அசையாமல் மேசைமேல் கிடக்கும் போனில் செயலிகள் தனித்தனியாக விழிப்பதைத் தடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சமயத்தில் விழிக்க வைத்தது. அதே ஆண்டு ஐபோனுக்கும் மின்சிக்கன நிலை வந்தது.

பவர் பேங்க் பரவியதும் இந்த ஆண்டுகளில்தான். சியோமி 2013 இறுதியில் 10,400 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கை 69 யுவானுக்கு விற்கத் தொடங்கியபோது விலைகள் மளமளவென்று இறங்கின. வாங்கியவருக்கு உறுத்திய கணக்கு ஒன்று உண்டு: பத்தாயிரம் என்று எழுதியிருக்கிறது, நாலாயிரம் பேட்டரியை இரண்டரை முறை ஏன் நிரப்பவில்லை? பெட்டிமேல் எழுதியிருப்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே அது 5 வோல்ட்டாகப் போகும்போது பத்தாயிரம் 7,400 ஆகிவிடும். மாற்றத்தில் சூடாகப் போவதைக் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். பெரும்பாலான நல்ல பவர் பேங்குகளும் இந்த அளவே தரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி, 4ஜி டேட்டா ஏறக்குறைய இலவசமானபின் இந்தியரின் கையில் போன் அணையாமல் எரிந்தது. பவர் பேங்க் கல்லூரிப் பையின் நிரந்தரப் பொருளானது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு போன்களுக்கு வரிசையாக சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்லவும், நிவாரணம் எங்கே வந்திருக்கிறது என்று கேட்கவும் அந்த சார்ஜ்தான் வழி.

கழற்றும் பேட்டரியின் காலம் மெல்ல முடிந்தது. ஒட்டி மூடிய உடல் தண்ணீர் புகாமல் இருக்கும், மெலிந்திருக்கும். ஆனால் பேட்டரியின் ஆயுள்தான் போனின் ஆயுள் என்றாகிவிட்டது. 2016 ஆகஸ்டில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடிக்கத் தொடங்கியபோது பேட்டரியை மட்டும் மாற்றித் தர வழியில்லை. முழுப் போன்களையே திரும்பப் பெற்று, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். பேட்டரி செய்து கொடுத்த இரு நிறுவனங்களிலும் இரு வேறு குறைகள் இருந்தன என்று மறு ஆண்டு ஆய்வு சொன்னது. 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் பழைய நோட் 2 ஒன்று மேல்தட்டில் புகைய, விமானத்தில் எல்லோரும் பேட்டரியைப் பற்றிப் பயப்படத் தொடங்கினார்கள். இன்று பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போட அனுமதியில்லை. கைப்பையில் 100 வாட்-மணி வரை கொண்டுபோகலாம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு, பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை போட்டன.

மூடிய பேட்டரி கிளப்பிய இன்னொரு சர்ச்சை ஆப்பிளுடையது. பழசான லித்தியம் பேட்டரிக்குள் மின்தடை கூடும். கேமராவோ விளையாட்டோ திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் அழுத்தம் சட்டென்று விழுந்து, முப்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடும். இதைத் தவிர்க்க 2017 ஜனவரியில் வந்த மென்பொருள், பழைய ஐபோன்களின் செயலியை வேகம் குறைத்து ஓட வைத்தது. தொழில்நுட்ப ரீதியில் அது தவறான முடிவல்ல. பயனரிடம் சொல்லாமல் செய்ததுதான் தவறு. ஆண்டின் இறுதியில் அது வெளிப்பட்டதும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலராகக் குறைத்தது. பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. புதுப் போன் வாங்க நினைத்த பலருக்குப் புதுப் பேட்டரியே போதும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சார்ஜ் நிற்கும் நேரத்தை நீட்ட முடியாத தயாரிப்பாளர்கள் சார்ஜ் ஏறும் நேரத்தைச் சுருக்கினார்கள். பழைய யுஎஸ்பி துளை தந்தது 2.5 வாட். ஆப்போ 2014-இல் 20 வாட்டைத் தாண்டியது. சியோமி 2020-இல் 120 வாட். ரியல்மி 2023-இல் 240 வாட். காலியான செல்லுக்குள் அயனிகள் எளிதாக நுழைகின்றன. நிரம்ப நிரம்ப இடம் தேட நேரமாகிறது. பாதி வரை பத்து நிமிடத்தில் ஏறும் போன் கடைசி இருபது விழுக்காட்டுக்கு ஊர்ந்து போவது அதனால்தான். வேகத்தின் விலை சூடு. தலையணைக்கடியில் போட்டு விடியவிடிய சார்ஜ் ஏற்றும் பழக்கம் அந்தச் சூட்டை வெளியேறவே விடுவதில்லை. ஆப்பிள் 2019-இல் 80 விழுக்காட்டில் நிறுத்தி, எழுந்திருக்கும் நேரத்துக்குச் சற்று முன் மீதியை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு எண்பதோடு நிறுத்திக்கொள்ளும் தேர்வு பல போன்களில் வந்துவிட்டது.

சார்ஜருக்குத் தனி வரலாறே எழுதலாம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பின் வைத்திருந்ததால் பயணத்தில் ‘நோக்கியா சின்ன பின் இருக்கிறதா’ என்று கேட்டுத் திரிந்த காலம் 2009-இல் பதினான்கு தயாரிப்பாளர்கள் ஐரோப்பிய ஆணையத்துடன் மைக்ரோ யுஎஸ்பிக்கு உடன்பட்ட பிறகு தேய்ந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம். 2014 நவம்பரில் மூடிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை 2019-இல் எடுத்துக்கொண்ட சால்காம்ப், சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம்.

பேட்டரிக்குள் இப்போது நடக்கும் மாற்றம் சிலிக்கான். எதிர்முனைக் கிராஃபைட்டோடு சிலிக்கானைக் கலந்தால் அதே இடத்தில் அதிக லித்தியம் அடங்கும். சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் பெரிதாக உப்புவதுதான் அதன் தொல்லை. 2023-இல் சீனச் சந்தைக்கு வந்த ஹானர் மேஜிக் 5 ப்ரோவைத் தொடர்ந்து, மெலிந்த உடலுக்குள்ளேயே 6,000, 7,000 மில்லி ஆம்பியர்-மணி போன்கள் வந்துவிட்டன. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ளும்படி வைக்க வேண்டும். போன்களுக்கான தனி விதி ஒரு விலக்கு தருகிறது: தண்ணீர் புகாத உடலும், 500 முறை சார்ஜ் செய்த பிறகு 83 விழுக்காடும் 1,000 முறைக்குப் பிறகு 80 விழுக்காடும் கொள்ளளவு மிஞ்சும் பேட்டரியும் இருந்தால் அதை மூடியே வைக்கலாம்.